மருதடியில் ஒரு பிள்ளைப்பேறு

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். கூழாமடுவில் நடந்தது அதற்கு நேர்மாறு. அங்கே ஒருத்தி பூனை பிடிக்கப் போனாள், அது பிள்ளையாராய் முடிந்தது.

பிடிக்க என்றால் கையால் இல்லை, கமராவால். ஒருத்தி என்றால் தேனுகா. கூழாமடு என்றால் தர்மபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, யாராவது சைக்கிளில் ஏற்றினால் ஏறலாம், இல்லாவிட்டால் நடக்கலாம் என்கிற மாதிரியான ஊர். அந்த ஊரில் விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். பட்டத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அரசாங்க வேலை வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு காட்டுயிர்ப் பாதுகாப்பு அமைப்பு வந்தது. தொண்டர்கள் தேவை என்றார்கள். சம்பளம் கிடையாது. ஒரு பச்சை ரீசேட், அளவில் பெரிய ஒரு சோடிச் சப்பாத்து, வவுனியாவில் ஒரு பயிற்சி, அவ்வளவுதான். தேனுகா முதல் ஆளாய்ப் போய்ச் சேர்ந்தாள்.

"நாலு வருசம் கம்பஸிலை படிச்சது பூனை பாக்கவோ?" என்றாள் தாய் கமலாசனி. "எங்கட குசினிக்குள்ளை ஒண்டு நிக்குது. அதைப் பார். பச்சைச் சட்டையும் தேவையில்லை."

கமலாசனி சொன்ன பூனை வேறு, தேனுகா தேடிய பூனை வேறு. இது மீன்பிடிப் பூனை. வீட்டுப் பூனையைப் போல இரண்டு மடங்கு இருக்கும், உடம்பெல்லாம் புள்ளி, தண்ணீருக்குள் இறங்கி மீன் பிடிக்கும். கூழாமடுக் குளத்தில் அது திரிவதாக ஊரில் பத்துப் பேர் சொன்னார்கள். பத்துப் பேரும் பத்து அளவு காட்டினார்கள். ஒருவரிடமும் படம் இல்லை. அந்தப் படத்தை எடுக்கவேண்டும் என்பதுதான் தேனுகாவுக்குக் கொடுத்த வேலை. போகப் போக அது வேலையாய் இல்லாமல் வெறியாய்ப் போய்விட்டது.

அவளோடு சேர்ந்து வேலை செய்தவன் றிஸ்கான். முல்லைத்தீவுப் பெடியன். இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து, தகப்பனோடு ஊருக்குத் திரும்பி வந்தவன். மோட்டார் சைக்கிளில் வருவான், கமராவின் மெமரி காட்டைக் கழற்றி லப்டொப்பில் போட்டுப் பார்ப்பான். காட்டுக்குள் அதிகம் வரமாட்டான். யானைக்குப் பயமில்லை, உண்ணிக்குப் பயம்.

குளக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம். அடியில் ஒரு பொந்து, பொந்தைச் சுற்றி ஆள் நுழையமுடியாத பற்றை. அதற்கு எதிரேயிருந்த பாலை மரத்தில் கமராவைக் கட்டினார்கள். முன்னால் எது அசைந்தாலும் அதுவே படம் எடுத்துவிடும். முதல் மாதம் எடுத்தது மாடு, மயில், உடும்பு, பிறகு விடிய வெள்ளன குளத்தடிக்கு அவசரமாய் வருகிற ஊர்ப் பெரிய மனிதர்கள். அந்தப் படங்களை றிஸ்கான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அழிப்பான். தேனுகா இரண்டையும் மூடிக்கொள்வாள்.

பிறகுதான் கல் வந்தது.

ஒருநாள் காலை தேனுகா பற்றரி மாற்றத் தனியே போனாள். வழியில் யானை லத்தி கிடந்தது, ஆவி பறக்க. யானை தூரத்தில் இல்லை. காட்டுக்குள் இறங்குகிறவர்கள் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஒரு குழையை முறித்துப் போட்டு, நீதான் துணை என்றுவிட்டுப் போவது வன்னியில் பிறந்த எல்லாரும் செய்வது. தேனுகாவும் செய்தாள். விலங்கியலில் பட்டம் வாங்கியவள் என்று யானைக்குத் தெரியுமா என்ன? மருதடியில் ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தாள், ஒரு குழை முறித்துப் போட்டாள், பற்றரியை மாற்றினாள், சப்பாத்துக் கழன்று விழ விழ ஓடிவந்து சேர்ந்தாள்.

அடுத்த கிழமை படங்களைப் பார்த்த றிஸ்கான், "இஞ்சை வாரும் தேனுகா," என்று கூப்பிட்டான்.

மாடு தேடிப்போன ஒருவர் கல்லைக் கண்டு தானும் ஒரு குழை முறித்துப் போட்டிருந்தார். விறகுக்குப் போன மூன்று பெண்கள் மூன்று குழை. பிறகு ஒரு சிதறு தேங்காய். பிறகு கற்பூரம். கல்லுக்கு ஒரு சந்தனப் பொட்டு. ஒரு சிவப்புத் துண்டு. தேங்காய்ச் சொட்டைத் தின்ன வந்த மயில், மயிலைக் கண்டு கும்பிட்ட ஒரு கிழவர். அதற்கடுத்த கிழமை மருதில் ஒரு மணி தொங்கியது. கமராவுக்கும் யாரோ விபூதி பூசிவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு வந்த படம் எல்லாம் மார்கழிப் பனியில் எடுத்த மாதிரி இருந்தது.

"நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றான் றிஸ்கான். "ஆனா நேற்றுக் காட் மாத்தப் போக, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ தம்பி எண்டு ஒரு அம்மா பேசுறா. இனி உண்ணியை நான் வெறுங்காலோடை சந்திக்கோணும்."

கேட்பாரற்றுக் கிடந்தால் கல். கேட்க ஒரு ஆள் வந்துவிட்டால் கோயில். வந்த ஆளின் பெயர் செல்வநாயகம். ஊர் அம்மன் கோயிலுக்கு வருடக்கணக்காய்த் தலைவராய் இருந்தவர், போன பொதுக்கூட்டத்தில் பதவி பறிபோய், தலைவர் என்ற பட்டம் மட்டும் மிஞ்சி, கோயில் இல்லாத தலைவராய்த் திரிந்தவர். ஆசாரத்தில் அவரை வெல்ல ஆள் கிடையாது. மூக்கன் என்பவரின் தம்பி மகனுக்குச் சுவிஸில் பிள்ளை பிறந்தபோது, துடக்கு என்று சொல்லி மூக்கனைத் திருவிழாவில் கோயில் வாசல் மிதிக்க விடாமல் திருப்பி அனுப்பியவர் அவர். பிறப்போ இறப்போ நடந்தால் சொந்தக்காரருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் கோயிலும் இல்லை, நல்ல காரியமும் இல்லை. "சுவிஸிலை பிறந்தாலென்ன, சூரியனிலை பிறந்தாலென்ன, துடக்குத் துடக்குத்தான்," என்று அவர் அன்றைக்குச் சொன்னதை மூக்கன் இன்றைக்கும் மறக்கவில்லை.

வாசிகசாலையில் கூட்டம் வைத்தார்கள். மருதடிப் பிள்ளையாருக்குச் சீமெந்தில் மூலஸ்தானம், முன்னால் மண்டபம், வாகனம் விட ஒரு வெளி. பற்றையை வழிக்க மல்லாவியிலிருந்து ஜேசிபி பேசியாயிற்று. வைகாசியில் நல்ல வெள்ளிக்கிழமையாய்ப் பார்த்து அத்திவாரம்.

கூட்டத்துக்கு முதல்நாள்தான் அந்தப் படம் கிடைத்திருந்தது. விபூதிப் பனிக்கு நடுவே, கல்லுக்குப் பின்னால், வாயில் ஒரு மீனோடு நின்றது பூனை. தேனுகா துள்ளிய துள்ளலில் கதிரை விழுந்தது. வயிறு பெருத்திருந்ததையும் அவள் கண்டாள். பற்றையை வழித்தால் அது எங்கே போகும்? கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"மாமா, அது சாமி இல்லை. அந்தக் கல்லை நான்தான் வைச்சனான்."

சபை சிரித்தது. தேனுகா போனை நீட்டினாள். அவள் குனிந்து கல்லை நிமிர்த்துகிற படம், குழை முறிக்கிற படம், ஓடுகிற படம், எல்லாம் கமரா எடுத்து வைத்திருந்தது. செல்வநாயகம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய கண் கலங்கியது.

"பாத்தியளோ? இவ்வளவு பேர் இருக்க, ஒரு கன்னிப் பிள்ளையைக் கொண்டெல்லோ அவர் தன்னை வைப்பிச்சிருக்கிறார்!"

"இல்லை மாமா, நான் பயத்திலை வைச்சனான்."

"பயமும் பக்தியும் ஒண்டுதான் பிள்ளை. சரி, ஆரை நினைச்சு வைச்சனீ? அதைச் சொல்லு."

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் தப்பியிருப்பாள். தேனுகாவுக்கு அது வராது.

"நான் ஒரு சாமியையும் நினைக்கேல்லை. யானையைத்தான் நினைச்சனான்."

"பிள்ளையாரே!" என்று சபை முழுக்கக் கையெடுத்தது.

தன் வாயாலேயே தவளை கெடும் என்பது இதுதான். உண்மையைச் சொல்லப் போனவளுக்கு அத்திவாரக் கல் வைக்கிற பொறுப்பும் சேர்ந்து கிடைத்தது. பிள்ளையார் தெரிந்தெடுத்த கை, அந்தக் கைதான் வைக்கவேண்டும், வேறு கை தொடக்கூடாது என்று செல்வநாயகம் முடிவாய்ச் சொல்லிவிட்டார். சபையில் இருந்த கமலாசனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பூனை பார்க்கப் போகிறாள் என்று ஊர் சிரித்த மகளை இப்போது ஊர் கும்பிடுகிறது. அடுத்த நாளே தர்மபுரத்துக்குப் போய் மகளுக்கு ஒரு சேலை வாங்கினாள். அத்திவாரத்துக்கும் உடுக்கலாம், அதற்கு அடுத்த திங்கள் வருகிற வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கும் உடுக்கலாம். மகளுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று, அந்த அம்மாளாச்சிக்குத் தாயும் மகளுமாய்ப் பாற்செம்பு எடுப்பதாக நேர்த்தி வைத்து, வருடம் முழுக்க அந்த நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் கமலாசனி.

ஜேசிபி வர இரண்டு நாள் இருக்க, கமரா அடுத்த படத்தைத் தந்தது. பொந்து வாசலில் தாய் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டிக்கொண்டு இரண்டு குட்டிகள், கண் திறக்காதவை. தேனுகா இந்தமுறை துள்ளவில்லை. இருந்த இடத்திலேயே இருந்து அழுதாள். இவ்வளவு நாளும் தேடியது கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை அதன்மேல் ஜேசிபி ஏறப்போகிறது, கல் வைக்கப்போவது அவளுடைய கை.

கொழும்பு அமைப்பின் இணைப்பாளருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். மிகவும் சந்தோசம், உரிய இடங்களுக்குக் கடிதம் எழுதுகிறோம், அதுவரை குட்டிகளுக்குக் கிட்ட ஒருவரையும் போக விடாதீர்கள், ஆள் நடமாட்டம் கண்டால் தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும், வெளியில் போன குட்டி பிழைக்காது என்றார்.

"கடிதம் வந்து சேர இதுகளுக்குப் பேரப்பிள்ளை பிறந்திடும்," என்றான் றிஸ்கான். பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "பாவம். எங்கட ராத்தாவும் இப்பிடித்தான், பிள்ளை பெத்து ஆஸ்பத்திரியாலை வந்து கண்ணைத் திறக்கேலாமல் படுத்துக் கிடந்தவ."

தேனுகா அவனை ஒருமாதிரிப் பார்த்தாள். பிள்ளை பெற்றவள். பிள்ளைப்பேறு. அவளுக்கு மூளைக்குள் ஏதோ தட்டியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வாசிகசாலைக்கு விட்டாள்.

அங்கே செல்வநாயகம் மேசையில் கோலப்பொடியும் குத்துவிளக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைவாசி ஊர் அங்கே நின்றது. கமலாசனி மாவிலை கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, வெள்ளிக்கிழமை அத்திவாரம் வைக்கேலாது."

"ஏன் பிள்ளை?"

"துடக்கு."

அந்த ஒரு சொல்லுக்குக் கூட்டம் இரண்டடி பின்னால் போனது. செல்வநாயகம் குத்துவிளக்கைக் கீழே வைத்தார். "ஆர் வீட்டிலை?"

"மருதடியிலை. பிள்ளைப்பேறு நடந்திருக்கு." போனைக் காட்டினாள்.

பின்னால் போன கூட்டம் முன்னால் வந்து மொய்த்தது. "அச்சாப் புலிக்குட்டி..." என்று தொடங்கிய ஒருவர், இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, "பூனை, பூனை," என்று குரலைத் தாழ்த்தி முடித்தார். போய் நேரில் பார்ப்போம் என்று நாலைந்து பேர் சைக்கிளைத் திருப்பினார்கள். தேனுகா சைக்கிள்களுக்கு முன்னால் பாய்ந்தாள்.

"துடக்கு வீட்டுக்கு ஆர் போறது? போனவை கிணத்தடியிலை தலை முழுகாமல் வீட்டுக்கை ஏறேலாது," என்று கத்தினாள். சைக்கிள்கள் நின்றன.

செல்வநாயகம் பேயன் இல்லை. மெல்லச் சிரித்தார். "பிள்ளை, மிருகத்துக்கு ஏது துடக்கு? மாடு கண்டு போட்டா நாங்கள் கோயிலுக்குப் போகாமலோ இருக்கிறனாங்கள்? துடக்கு எண்டுறது சொந்தக்காரருக்கு. உந்தப் பூனைக்கு இஞ்சை ஆர் சொந்தம்?"

தேனுகா அவ்வளவு தூரம் யோசித்துக்கொண்டு வரவில்லை. வாய்தான் முந்தியது.

"நான்."

"என்ன?"

"நான்தான் சொந்தம். மாசக்கணக்கா அதுக்குப் பின்னாலை திரியிறது நான். வயித்திலை பிள்ளையோடை கண்டதும் நான். எனக்குத் துடக்கு. அத்திவாரக் கல்லை என்ர கைதான் வைக்கோணும், வேறை கை தொடக்கூடாதெண்டு சொன்னது நீங்கள்தானே மாமா?"

பின்வரிசையில் மூக்கன் எழுந்து நின்றார். எத்தனையோ நாளாய் வயிற்றுக்குள் வைத்திருந்ததை ஆற அமரச் சொன்னார். "ஓம் தலைவர். சுவிஸிலை பிறந்தாலென்ன, பத்தைக்கை பிறந்தாலென்ன."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. செல்வநாயகத்தின் முகம் சிவந்தது. தான் வைத்த சட்டத்தை மீறினால் நாளைக்கு ஒருத்தனும் மதிக்கமாட்டான். அவர் கடைசியாய் ஒரு அடி அடித்துப் பார்த்தார்.

"சரி. சொந்தமெண்டா முழுச் சொந்தம். முப்பத்தொண்டு கழியுமட்டும் ஒரு கோயில் வாசலும் மிதிக்கேலாது. வாற திங்கள் வற்றாப்பளைப் பொங்கல், அங்கையும் போகேலாது. உனக்கு மட்டுமில்லை பிள்ளை, உன்ர வீட்டுக்கே துடக்கு." திரும்பினார். "கமலாசனி, நீ என்ன சொல்லுறாய்? பாற்செம்பை விட்டிட்டு இருக்கப் போறியோ?"

தேனுகா தாயைப் பார்த்தாள். அதுவரை அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. தாயின் நேர்த்தியை, தாயைக் கேட்காமல், ஊர் நடுவில் வைத்து விற்றுவிட்டாளே! அம்மா ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவள் மனதுக்குள் குட்டிகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

கமலாசனி கையிலிருந்த மாவிலையை ஒவ்வொன்றாய்க் கீழே வைத்தாள். எழுந்து சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"பிள்ளைக்குத் துடக்கெண்டா தாய்க்கும்தான். இதிலை கேக்க என்ன கிடக்கு?"

மகளின் முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்கு நடந்தாள்.

செல்வநாயகம் நாட்காட்டியைத் தட்டினார். முப்பத்தொண்டு கழிய ஆனி. ஆனியும் ஆடியும் அத்திவாரத்துக்கு ஆகாது. "ஆவணியிலை பாப்பம்," என்றுவிட்டுக் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு போனார். ஆவணிக்குள் குட்டிகள் தாயோடு நாணலுக்குள் இறங்கிவிடும். ஜேசிபிக்காரனுக்கு, வரவேண்டாம் என்று போன் போனது. மணியும் மருதடியில் சும்மா தொங்கியது. துடக்குப் பிடித்த பற்றைப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கொழும்புக்காரர் வேலி போட்டிருந்தாலும் அப்படிப் பாதுகாத்திருக்காது.

ஆனால் வீட்டில் கமலாசனி கதைக்கவில்லை. சாப்பாடு போடுவாள், சோற்றுக் கோப்பையை நகர்த்துவாள், போய்விடுவாள். குசினிப் பூனையோடு கதைத்தாள், மகளோடு இல்லை. பூனைக்குத் தாயாகப் போய்ப் பெற்ற தாயை இழந்துவிட்டேனோ என்று தேனுகா தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள்.

திங்கட்கிழமை வந்தது. விடிய வெள்ளன பஸ்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு வற்றாப்பளைக்குப் புறப்பட்டன. மத்தியானமானபோது கூழாமடுவில் நாய்களும் இந்த இரண்டு பேரும்தான். சேலை மடிப்புக் கலையாமல் அலுமாரிக்குள் இருந்தது. கமலாசனி பிறந்த நாளிலிருந்து அந்தப் பொங்கலுக்குப் போகாமல் விட்டது, இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் மட்டும்தான். தேனுகாவுக்கு அந்த அமைதி தாங்கமுடியவில்லை. மன்னிப்புக் கேட்டுவிடுவோம் என்று குசினிக்குப் போனாள். போனவளுக்கு மூக்கில் மீன் வாசம் அடித்தது.

"அம்மா, பொங்கல் நாளிலை மச்சமோ?"

"கோயில் வாசல் மிதிக்கேலாத ஆக்களுக்கு என்ன விரதம்?" ஐந்து நாளுக்குப் பிறகு தாய் பேசிய முதல் பேச்சு அது. சட்டியில் சுறா வறை கிண்டிக்கொண்டிருந்தாள். "றிஸ்கான் தம்பியட்டைச் சொல்லி முல்லைத்தீவிலையிருந்து எடுப்பிச்சனான். நல்ல பால்சுறா."

நெஞ்சு குளிர்ந்துபோய்த் தேனுகா ஒரு கோப்பையை எடுத்து நீட்டினாள். தாய் அகப்பைக் காம்பால் கையில் ஒன்று வைத்தாள்.

"உனக்கில்லை. பிள்ளை பெத்தவளுக்கு. ரெண்டுக்குப் பால் குடுக்கோணுமெல்லோ? தூள் போடேல்லை, உள்ளியும் மஞ்சளும் மட்டும்தான். மெல்லக் கொண்டுபோய்ப் பத்தையடியிலை வைச்சிட்டு வா."

"அம்மா, காட்டு மிருகத்துக்குச் சாப்பாடு குடுக்கக்கூடாது. அதுதான் முதலாவது விதி. குடுத்தா அது பழகிப்போம், பிறகு தானா..."

கமலாசனி அடுப்பிலிருந்து நிமிர்ந்தாள். புகையோ என்னவோ, கண் இரண்டும் நிறைந்திருந்தது.

"அம்மாளாச்சியின்ர பொங்கலை விட்டிட்டு இருக்கிறன். நேர்த்தியை விட்டிட்டு இருக்கிறன். ஊரே போக, துடக்குக்காரியெண்டு அடுப்படியிலை இருக்கிறன். ஒரு கரண்டி சுறா குடுக்கேலாதெண்டா, பிறகென்னடி சொந்தம் நான்?"

சுறா காட்டுக்குப் போகாது, அது தேனுகாவுக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்லலாம். தாயை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு விம்மினாள்.

"விடடி," என்றாள் கமலாசனி, விடுவிக்காமலே. "வறை அடிப்பிடிக்கப் போகுது."